காலை எட்டு மணி ரத்தம்: கார்டிசால் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

கார்டிசால் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கண் நேராக எண்ணுக்குத்தான் போகும். 5.4 என்று போட்டிருக்கும், பக்கத்தில் 'குறைவு' என்று தடித்த எழுத்தில் ஓர் அடையாளம் இருக்கும், வீடே கலங்கிப்போகும். ஆனால் இந்தப் பரிசோதனையில் எண் பாதிதான். ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தார்கள், அதற்கு முந்தைய சில மாதங்களில் உடம்புக்குள் என்னென்ன மருந்து போனது, இந்த இரண்டும் சேர்ந்ததுதான் மறு பாதி. நேரம் ரிப்போர்ட்டின் மேல் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். மருந்து விவரம் எந்த ரிப்போர்ட்டிலும் இருக்காது. நோயாளி வாய் திறந்து சொன்னால்தான் உண்டு.

கார்டிசால் அட்ரீனல் சுரப்பியில் உண்டாகும் ஒரு ஹார்மோன். இந்தச் சுரப்பிகள் இரண்டு. ஒவ்வொரு சிறுநீரகத்தின் உச்சியிலும் ஒன்றாக, தலா நாலைந்து கிராம் எடையில் உட்கார்ந்திருக்கும். அதன் வெளிப்பகுதியில் மூன்று அடுக்குகள். மேலடுக்கு சுரக்கும் ஆல்டோஸ்டிரோன், உடம்பில் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கும். நடு அடுக்கிலிருந்து வருவது கார்டிசால். ரத்தச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் விழாமல் பார்த்துக்கொள்வதும், காய்ச்சல், விபத்து, ஆபரேஷன் மாதிரியான நெருக்கடியைத் தாங்கவைப்பதும் இதன் வேலை. அடியடுக்கில் ஆண்தன்மை சார்ந்த ஹார்மோன்கள் சிறிதளவு உண்டாகும். எல்லோருக்கும் பெயர் தெரிந்த அட்ரினலின் வருவது சுரப்பியின் உள்பகுதியிலிருந்து. மருத்துவர் அட்ரீனல் டெஸ்ட் எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் முதலில் பார்ப்பது கார்டிசாலைத்தான்.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம்

கார்டிசால் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. விடியற்காலையில் ஏறத் தொடங்கி, எழுந்திருக்கும் நேரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகும். பிறகு மெல்ல இறங்கி, நள்ளிரவில் தூக்கத்தில் இருக்கும்போது அடிமட்டத்துக்கு வரும். அதனால்தான் லேப்கள் காலைக்கு ஓர் அளவும் மாலைக்கு ஓர் அளவும் அச்சிடுகின்றன. காலை 6 முதல் 10 மணிக்குள் எடுத்தால் டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 6 முதல் 18 மைக்ரோகிராம், பிற்பகலில் எடுத்தால் ஏறக்குறைய 3 முதல் 11. இயந்திரத்துக்கு இயந்திரம் இந்த எல்லைகள் கொஞ்சம் மாறும். ஆகவே இணையத்தில் பார்த்த எல்லையோடு ஒப்பிடாமல், உங்கள் ரிப்போர்ட்டில் அச்சிட்டிருப்பதோடு ஒப்பிடுங்கள்.

மேலே சொன்ன 5.4-ஐ மறுபடி பாருங்கள். ரத்தம் எடுத்தது பகல் 12 மணி 40 நிமிடம் என்று மூலையில் இருந்தால், அந்த எண்ணில் பயப்பட ஒன்றுமில்லை. கணினி காலை எல்லையோடு ஒப்பிட்டு 'குறைவு' என்று போட்டிருக்கிறது, அவ்வளவுதான். அதே 5.4 காலை 8 மணி ரத்தத்தில் வந்திருந்தால் கதை வேறு. மேற்கொண்டு பார்த்தே ஆக வேண்டும். ரிப்போர்ட்டில் மூன்று நேரங்கள் இருக்கும்: பதிவு செய்தது, ரத்தம் எடுத்தது, முடிவு வந்தது. நமக்கு வேண்டியது நடுவில் உள்ளது. சில சின்ன லேப்களில் பதிவு நேரத்தையே எடுத்த நேரமாகப் போட்டுவிடுவார்கள். ஊசி குத்தும்போது மணி பார்த்து சீட்டின் பின்னால் நீங்களே குறித்துக்கொள்வது நல்லது.

டெல்டாவில் இந்தச் சிக்கல் சாதாரணமாக வருவது பயணத்தால். வேதாரண்யத்திலிருந்தோ கோடியக்கரையிலிருந்தோ விடியற்காலை பஸ் பிடித்துத் தஞ்சாவூர் வந்து, டாக்டரைப் பார்த்து, பிறகு லேப்பில் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தால் பதினொன்றரை ஆகிவிடும். கார்டிசால் மட்டும் என்றால் இந்த அலைச்சல் தேவையே இல்லை. பிரித்தெடுத்த சீரத்தைக் குளிர்பெட்டியில் வைத்தால் ஓரிரு நாள் கெடாது. உள்ளூர் லேப்பிலேயே காலை எட்டு மணிக்குக் கொடுத்துவிட்டு, ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் போகலாம்.

இன்னொரு கூட்டம் உண்டு: இரவில் உழைப்பவர்கள். தாராசுரம் காய்கறிச் சந்தையில் இரண்டு மணிக்கே கடை விரிப்பவர், இரவில் கடலுக்குப் போகும் நாகை மீனவர், அரிசி ஆலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவர், அறுவடை சீசனில் இரவும் பகலும் மெஷின் ஓட்டுபவர். கார்டிசாலின் ஏற்ற இறக்கம் தூங்கி எழும் பழக்கத்தை ஒட்டி நகர்வதால், இவர்களுக்குக் காலை எட்டு மணி என்பது உச்ச நேரமாகவே இல்லாமல் போகலாம். உங்கள் தூக்க நேரத்தை டாக்டரிடம் சொல்லுங்கள். சில நாட்கள் இரவில் ஒழுங்காகத் தூங்கிய பிறகு எடுக்கலாம், அல்லது தூங்கி எழுந்த நேரத்தைக் கணக்கிட்டு எடுக்கச் சொல்வார்.

வெறும் வயிறு கட்டாயமா என்றால், கார்டிசாலுக்காக மட்டும் கட்டாயமில்லை. காலை எட்டு மணி என்பதாலும் சர்க்கரையும் சேர்த்துப் பார்ப்பதாலும் வெறும் வயிற்றில் வரச் சொல்வது வழக்கம். தண்ணீர் குடிக்கலாம். காப்பி கார்டிசாலைக் கொஞ்சம் ஏற்றும் என்பதால் அந்த ஒரு டம்ளரை ரத்தம் கொடுத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஓடிவந்து மூச்சிரைக்க உட்காராமல் பத்துப் பதினைந்து நிமிடம் அமைதியாக இருந்துவிட்டுக் கையை நீட்டுங்கள்.

எண் சொல்வது என்ன

காலை 8 மணி ரத்தத்தில் 3-க்குக் கீழ் இருந்தால் சுரப்பு போதவில்லை என்பது ஏறத்தாழ உறுதி. 15-க்கு மேல் இருந்தால் குறைபாடு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இடையில் விழுந்தால், முக்கியமாக 10-க்குக் கீழ் என்றால், அந்த ஒற்றை எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தூண்டிப் பார்க்கும் டெஸ்ட் தேவைப்படலாம். சில லேப்கள் லிட்டருக்கு நானோமோல் என்ற வேறு அலகில் கொடுக்கும். 331 என்று பார்த்து மிரள வேண்டாம், 27.6 ஆல் வகுத்தால் 12 மைக்ரோகிராம்தான்.

இந்த அளவு பார்ப்பது ரத்தத்தில் உள்ள மொத்தக் கார்டிசாலை. அதில் பெரும்பகுதி ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு திரிவது. ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த கருத்தடை மாத்திரை அந்தப் புரதத்தைக் கூட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் மாலா-என்னும் இந்த வகைதான். கர்ப்பமும் அப்படித்தான். உடம்புக்குப் பயன்படும் கார்டிசால் கூடாமலே எண் மட்டும் உயரும். ஈரல் சுருங்கியவர்களுக்கும், சிறுநீரில் புரதம் அதிகமாகப் போகிறவர்களுக்கும் இதற்கு நேர்மாறாக எண் தாழ்ந்து காட்டும்.

முடி கொட்டுகிறது என்று 5 அல்லது 10 மில்லிகிராம் பயோட்டின் மாத்திரை போடுகிறவர்கள் இப்போது அதிகம். சில இயந்திரங்களில் பயோட்டின் குறுக்கே புகுந்து கார்டிசாலை இல்லாத அளவுக்கு உயர்த்திக் காட்டும். உண்மையில் குறைவாக இருப்பவருக்கு 'நார்மல்' என்று வருவதுதான் இதில் ஆபத்து. குறைந்தது இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டுக் கொடுங்கள்.

ஸ்டீராய்டு: கேட்காமல் விட்ட கேள்வி

கார்டிசால் குறைவதற்கு மிகப் பரவலான காரணம் அட்ரீனல் நோயே அல்ல, வெளியிலிருந்து உள்ளே போகும் ஸ்டீராய்டு, அதாவது கார்டிசாலைப் போலவே வேலை செய்யும் மருந்து. உடம்புக்கு வெளியிலிருந்து தாராளமாகக் கிடைத்தால் சுரப்பி வேலையை நிறுத்திவிடும். மாதக்கணக்கில் சும்மா கிடந்த சுரப்பி, மருந்தை நிறுத்திய மறுநாளே விழித்துக்கொள்ளாது. வாரங்கள், மாதங்கள், சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும்.

'ஸ்டீராய்டு எடுத்தீர்களா' என்று கேட்டால் 'இல்லை' என்றுதான் பதில் வரும். பொய் சொல்வதில்லை, அவர்களுக்கே தெரியாது. நடவு, களையெடுப்பு முடிந்து இடுப்பும் முட்டியும் பிடித்துக்கொண்டால் மெடிக்கலில் போய் 'மூட்டுவலிக்கு செட் மாத்திரை' கேட்பது நம் பக்கத்து வழக்கம். பேப்பரில் மடித்துத் தரும் நாலைந்து மாத்திரைகளில் ஒன்று டெக்ஸாமெத்தசோனாகவோ பெட்டாமெத்தசோனாகவோ பிரட்னிசோலோனாகவோ இருக்கலாம். ஒரே நாளில் வலி மாயமாகி, பசி நன்றாக எடுத்து, முகத்தில் சதை பிடித்தால் அதையே சந்தேகப்பட வேண்டும். பெயரில்லாத டப்பாவில் வரும் மூட்டுவலிப் பொடி, ஆஸ்துமா லேகியம் என்று விற்பவற்றிலும் ஸ்டீராய்டு கலப்படம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. முட்டியில் போடும் டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியின் வேலை வாரக்கணக்கில் நீடிக்கும். முகம் வெளுக்கப் பூசும் கிரீம், படர்தாமரைக்குப் பூசும் கிரீம் இவற்றில் குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு இருந்தால், நாள்பட நிறையப் பூசினால் அதுவும் உள்ளே இறங்கும். ஆஸ்துமா இன்ஹேலரை அதிக அளவில் எடுப்பவர்களும் சொல்ல வேண்டும். அதற்காக இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள், சொன்னால் போதும்.

முகம் வட்டமாக உப்பி, வயிறு பெருத்து, கைகால் மெலிந்து, பார்த்தால் கார்டிசால் அதிகம் உள்ளவர் போல இருப்பார். ரத்தத்தில் பார்த்தால் 1.2 என்று வரும். லேப் தவறு என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். டெக்ஸாமெத்தசோன் இந்தப் பரிசோதனையில் கார்டிசாலாகத் தெரியாது, சுரப்பியோ தூங்குகிறது. அதனால் உருவம் ஒன்று சொல்ல, எண் வேறொன்று சொல்லும். பிரட்னிசோலோனும் ஹைட்ரோகார்ட்டிசோனும் அப்படியல்ல. அவை பல இயந்திரங்களில் கார்டிசாலாகவே எண்ணப்பட்டு, இல்லாததை இருப்பதாகக் காட்டும். ஆகவே இவற்றை எடுப்பவர்கள் டாக்டர் சொன்னபடி, பொதுவாக முந்தின நாள் டோஸிலிருந்து 24 மணி நேரம் விட்டு, அன்றைய காலை மாத்திரைக்கு முன்பு ரத்தம் கொடுக்க வேண்டும்.

மருத்துவர் மேற்பார்வையில் ஸ்டீராய்டைக் குறைத்து வருபவர்களுக்கும் இந்த டெஸ்ட்தான் வழிகாட்டி. காலை அளவு 10-ஐத் தாண்டினால் சுரப்பி விழித்துவிட்டது, நிறுத்தலாம். 5-க்கும் 10-க்கும் நடுவில் என்றால் குறைந்த டோஸைத் தொடர்ந்துவிட்டுச் சில வாரங்கள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். 5-க்குக் கீழ் என்றால் சில மாதங்கள் பொறுக்க வேண்டும். 'குறைவு' என்று பார்த்துப் பயந்து, அல்லது ஸ்டீராய்டு கெடுதல் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நாமாகத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

எங்கே கோளாறு: ஏசிடிஎச்

கார்டிசால் குறைவு என்று உறுதியானதும் அடுத்த கேள்வி, ஏன் குறைந்தது. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி ஏசிடிஎச் என்ற ஹார்மோனை அனுப்பித்தான் அட்ரீனலை வேலை வாங்குகிறது. கடைமடை வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால், மேட்டூரில் திறக்கவே இல்லையா, திறந்தும் வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறதா என்று பார்ப்போம் அல்லவா, அதே விசாரணைதான் இங்கும். கார்டிசால் குறைந்து ஏசிடிஎச் எகிறியிருந்தால், உத்தரவு வருகிறது, அட்ரீனலால் முடியவில்லை. இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் உத்தரவே வரவில்லை: பிட்யூட்டரியில் கட்டி, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கால் பிட்யூட்டரி பழுதானது, அல்லது மேலே சொன்ன ஸ்டீராய்டு. ஏசிடிஎச்சின் காலை அளவு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 10 முதல் 60 பிகோகிராம்.

ஏசிடிஎச் வெகு சீக்கிரம் சிதையும். ஊதா மூடி போட்ட ஈடிடிஏ குழாயில் எடுத்து, உடனே பனிக்கட்டியில் வைத்து, குளிரிலேயே சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து உறைய வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் பைக் பெட்டியில் போன குழாயில் ஏசிடிஎச் குறைந்துதான் வரும். விளைவு, அட்ரீனல் நோய் பிட்யூட்டரி நோயாக வேஷம் போடும். அதனால் இதை மட்டும் கிளை லேப்பில் கொடுக்காமல், அங்கேயே சுழற்றி உறைய வைக்கும் வசதி உள்ள இடத்தில், கார்டிசாலோடு ஒரே குத்தில் கொடுங்கள். 'ஐஸ் இருக்கிறதா, எத்தனை நிமிடத்தில் பிரிப்பீர்கள்' என்று கேட்பதில் தவறே இல்லை. பயோட்டின் இதைக் குறைத்துக் காட்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

அட்ரீனலே பழுதாகும் நோயை 1855-ல் தாமஸ் அடிசன் விவரித்தார். இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. மேலை நாடுகளில் பெரும்பாலும் உடலின் எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்குவதால் வருகிறது. நம் நாட்டில் அதோடு காசநோயும், ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சைத் தொற்றும் முக்கியக் காரணங்கள். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் கார்டிசாலை வேகமாகச் சிதைக்கும். ஏற்கெனவே சுரப்பி தள்ளாடுபவர், மருந்து தொடங்கிய சில வாரங்களில் திடீரெனப் படுத்துவிடலாம். மருந்து சேரவில்லை என்று நிறுத்திவிடாமல், கார்டிசாலைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அடிசன் நோயில் தோல் கறுக்கும். வயலில் நிற்பவரிடம் 'கறுத்துவிட்டீர்களே' என்றால் வெயில் என்பார். வெயில் படாத இடத்தைப் பாருங்கள்: ஈறு, கன்னத்தின் உள்பக்கம், உள்ளங்கை ரேகை, பழைய தழும்பு. அங்கெல்லாம் கறுப்பு ஏறி, எடை குறைந்து, எழுந்து நின்றால் தலை சுற்றி, ஊறுகாயையும் உப்பையும் மனம் தேடி, ரத்தத்தில் சோடியம் குறைந்து பொட்டாசியம் கூடியிருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

தூண்டிப் பார்ப்பதும் அடக்கிப் பார்ப்பதும்

நடுத்தரமான எண் வந்தவர்களுக்குச் செயற்கை ஏசிடிஎச் 250 மைக்ரோகிராம் ஊசி போட்டு, 30 மற்றும் 60 நிமிடத்தில் கார்டிசால் பார்ப்பார்கள். 18-ஐத் தொட்டால் சுரப்பி நலம் என்பது பழைய கணக்கு. புதிய இயந்திரங்களில் 14, 15 போதும். நம் ஊரில் அந்த மருந்து எளிதில் கிடைக்காததால், நீண்ட நேரம் வேலை செய்யும் ஏசிடிஎச் ஊசியை வைத்துச் செய்யும் மையங்களும் உண்டு. அப்போது அளவும் எல்லையும் வேறு. அந்த மையத்தின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கார்டிசால் அதிகமோ என்று சந்தேகம் வந்தால் காலை ரத்தம் உதவாது. காலையில் எல்லோருக்கும்தான் அதிகம். இரவு 11-க்கும் 12-க்கும் நடுவில் டெக்ஸாமெத்தசோன் 1 மில்லிகிராம், அதாவது அரை மில்லிகிராம் மாத்திரை இரண்டு, விழுங்கிவிட்டு மறுநாள் காலை 8 முதல் 9 மணிக்குள் ரத்தம் கொடுக்க வேண்டும். சுரப்பி அடங்கி 1.8-க்குக் கீழ் வந்தால் நார்மல். அடங்காமல் இருக்க நோயல்லாத காரணங்களும் பல: மாத்திரையை மறந்தது, ஒன்பது மணிக்கே போட்டுப் படுத்தது, வலிப்புக்கு ஃபெனிடாயின் அல்லது கார்பமாசெபின் சாப்பிடுவது, கருத்தடை மாத்திரை, குடி, கடும் மனச்சோர்வு, கட்டுக்கடங்காத சர்க்கரை. ஆகவே ஒரே டெஸ்டில் முடிவு கட்ட மாட்டார்கள். நள்ளிரவு எச்சில் அல்லது 24 மணி நேரச் சிறுநீர் சேர்த்துக் கேட்பார்கள்.

சிறுநீர் சேர்ப்பதில் தப்பு நடப்பது முதல் துளியிலேயே. காலை எழுந்ததும் வரும் முதல் சிறுநீரைக் கழித்துவிட்டு மணியைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு வருவதையெல்லாம், மறுநாள் காலை முதல் சிறுநீர் உட்பட, கேனில் சேர்க்க வேண்டும். வயலுக்குப் போன இடத்தில் ஒருமுறை விட்டுவிட்டாலும் கணக்கு குறையும். வெளி வேலை இல்லாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.

மற்றவை

நாலைந்து மாத்திரை போட்டும் ரத்த அழுத்தம் அடங்கவில்லை, பொட்டாசியம் குறைகிறது என்றால் ஆல்டோஸ்டிரோனையும், அதைச் சுரக்கத் தூண்டும் சிறுநீரகப் பொருளான ரெனினையும் ஒன்றாகப் பார்ப்பார்கள். எழுந்து இரண்டு மணி நேரமாவது நடமாடிவிட்டு, பத்து நிமிடம் உட்கார்ந்து, அதன் பிறகு கொடுப்பது. உப்பைக் குறைக்காமல் இருக்க வேண்டும், பொட்டாசியத்தை முன்பே சரிசெய்திருக்க வேண்டும், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற, ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கும் மாத்திரைகளை டாக்டர் சொன்னால் நான்கு வாரம் முன்பே மாற்றிக்கொள்ள வேண்டும். ஏசிடிஎச்சுக்கு நேர்மாறாக, ரெனின் குழாயை ஐஸில் வைக்கக் கூடாது. குளிரில் அதன் அளவு பொய்யாக ஏறிவிடும். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு அனுப்புகிறார்களா என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

அடியடுக்கில் உண்டாகும் டிஹெச்இஏ-எஸ் என்ற ஹார்மோன் நாள் முழுக்க ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். பெண்களுக்கு, கார்டிசால் உருவாகும் வழியில் இடையில் வரும் 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்ட்ரோன் என்ற பொருளைப் பார்க்க வேண்டியிருந்தால் மாதவிடாய் தொடங்கிய முதல் சில நாட்களில், காலையில்.

முழு உடல் பரிசோதனைப் பொதிகளில் 'ஸ்ட்ரெஸ் ஹார்மோன்' என்று கார்டிசாலையும் சேர்த்து விற்கிறார்கள். அறிகுறி எதுவுமில்லாமல் அதை எடுப்பதில் பயனில்லை. கிடைப்பது பெரும்பாலும் தேவையில்லாத கவலைதான். 'அட்ரீனல் களைப்பு' என்று ஒரு நோயை ஹார்மோன் மருத்துவம் ஏற்பதில்லை. அதற்கென்று விற்கும் பொடிகளை வாங்க வேண்டாம்.

குறைபாடு உறுதியாகி மாத்திரையில் இருப்பவர்கள் காய்ச்சல் நாட்களில் டோஸை இரண்டு மூன்று மடங்காக்க வேண்டும். எத்தனை நாளைக்கு என்று டாக்டரிடம் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாந்தியால் மாத்திரை வயிற்றில் தங்கவில்லை, அல்லது மயக்கம் வருகிறது என்றால் காத்திருக்கக் கூடாது. பக்கத்து ஆஸ்பத்திரியில் ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசியும் உப்புநீர் டிரிப்பும் உடனே வேண்டும். கார்டிசால் ரிப்போர்ட் வரட்டும் என்று அதைத் தள்ளிப்போடக் கூடாது. நோயின் பெயரும் மருந்தும் எழுதிய அட்டை சட்டைப் பையிலோ சுருக்குப் பையிலோ எப்போதும் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் கடலோர ஊர்களில் சாலை துண்டிக்கப்படுவது புதிதல்ல. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது வேதாரண்யம் பக்கம் பல நாள் எதுவுமே ஓடவில்லை. புரட்டாசி முடிவதற்குள் குறைந்தது மூன்று வாரத்துக்கு வேண்டிய மாத்திரையை வாங்கி, ஈரம் படாத டப்பாவில் போட்டு, வீட்டில் இன்னொருவருக்கும் இடம் சொல்லி வைத்துவிடுங்கள்.